நிலத்தைக் கீறிய காகமும் கிணற்றின் முதல் தண்ணீரும்

கணியம்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு இருக்கிறது. 2019 கோடையில் அது சுத்தமாக வறண்டு போச்சு. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போன வருஷம் அது. ஞாபகம் இருக்கும். வறண்ட கிணற்றைத் தூர் வாரி, இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தலாம்னு ஆள் வைத்தோம். மூன்றாம் நாள் மத்தியானம், கடப்பாரை போட்ட இடத்தில் பாறை இடுக்கு ஈரமாச்சு. அரை மணி நேரத்தில் கலங்கலாக ஒரு சொம்பு அளவு தண்ணீர் தேங்கியது. மேலே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அப்பாவின் பழைய நண்பர் ஒருவரும் இருந்தார். வேலூரில் அரபிக் கல்லூரியில் ஓதி முடித்த ஹஜ்ரத்.

"தம்பி, கிணறு தோண்டும்போது முதல்ல வர்ற தண்ணிக்கு அரபியில தனியா ஒரு பேரே இருக்கு. நபத்."

"செடி கொடிக்கு நபாத்துன்னு சொல்வாங்களே, அதுவா ஹஜ்ரத்?"

"அது வேற 'த', இது வேற 'த'."

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தத் தேடல். அரபி எனக்கு முறையாகத் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அகராதி புரட்டுவேன், சந்தேகம் வந்தால் ஹஜ்ரத்துக்கு போன் போடுவேன். அந்த எல்லைக்குள் நின்று எழுதியது இது.

முதலில் அந்த இரண்டு 'த' விஷயம். அரபியில் 'தா' என்று இரண்டு எழுத்துகள். ஒன்று நம்ம 'த' மாதிரி மெல்லியது. இன்னொன்று நாக்கின் பின்பக்கத்தை உயர்த்திச் சொல்லும் கனத்த ஒலி. மெல்லிய 'த' போட்டால் ந-ப-த என்ற வேருக்கு முளைத்தல் என்று பொருள், நபாத் என்றால் தாவரம். கனத்த 'த' போட்டால் தோண்டித் தண்ணீர் எடுத்தல். தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும் என்பதால், கனத்த ஒலி வரும் வேரை இங்கே 'தண்ணீர் வேர்' என்றே சொல்லிக்கொள்கிறேன்.

வேர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அரபியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகளைச் சுற்றிக் கட்டப்பட்டவை. மூன்று மெய்யும் மாறாது. அதற்குள்ளும் வெளியிலும் உயிர்களையும் முன்னொட்டுகளையும் அச்சில் வார்த்த மாதிரிப் போட்டால் வினை, வினை செய்பவர், இடம், கருவி என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கும். என்னைப் போல நிரல் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இது பார்த்ததுமே பிடித்துப்போகிற அமைப்பு. ஆபத்தும் அங்கேதான் இருக்கு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பத்தாம் நூற்றாண்டின் இப்னு ஃபாரிஸ் (இறப்பு 1004) ஒரு வித்தியாசமான அகராதி எழுதினார். 'மகாயீஸ் அல்-லுகா' என்று பேர். ஒவ்வொரு வேருக்கும் அடியில் இருக்கிற மூலக் கருத்து ஒன்றா, இரண்டா, மூன்றா என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் சொற்களுக்குள் போவார். தண்ணீர் வேருக்கு அவர் சொல்லும் கரு, ஒன்றை வெளியே எடுத்தல். நபஷ என்ற இன்னொரு வேர் இருக்கிறது. மூடிக் கிடந்ததைத் தோண்டி வெளிக்காட்டுதல். பிணத்தைத் தோண்டி எடுப்பதற்கு அதுதான் சொல். பஹஸ என்ற வேருக்குக் கரு, கிளறுதல். ஹஃபர என்ற வேருக்கு இரண்டு கரு சொல்கிறார். ஒன்று குழி பறித்தல், மற்றது ஒரு விஷயத்தின் தொடக்க நிலை.

தமிழில் தோண்டு, அகழ், பறி, கிளறு, கல்லு, கெல்லு என்று நமக்கும் இத்தனை இருக்கே என்று தோணலாம். இருக்கு. ஆனால் அரபி வேர்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று பட்டது. ஒவ்வொன்றும் எப்படித் தோண்டினாய், தோண்டினால் என்ன வந்தது என்பதை மறக்காமல் வைத்திருக்கிறது. பிறகு அந்தச் சொல் படிப்பறைக்கும் நீதிமன்றத்துக்கும் போன பிறகும் அந்த ஞாபகம் போகவில்லை.

தண்ணீர் வேரையே எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து வருவது இஸ்தின்பாத். 'இஸ்த' என்ற முன்னொட்டு வந்தால் பெரும்பாலும் ஒன்றை வேண்டுதல், முயன்று பெறுதல் என்ற பொருள் சேரும். ஆக, முயன்று தோண்டித் தண்ணீரை மேலே கொண்டுவருதல். குர்ஆனில் இந்த வேர் ஒரே ஒரு இடத்தில், நான்காம் அத்தியாயம் 83ஆம் வசனத்தில் வருகிறது. அங்கே தண்ணீர் இல்லை. ஊருக்குள் பரவும் வதந்தியைப் பற்றிய பேச்சு. காதில் விழுந்ததை அப்படியே பரப்பாமல், அதிலிருந்து உண்மையை எடுக்கத் தெரிந்தவர்களிடம் கொண்டு போயிருக்கலாமே என்கிற இடத்தில் இந்த வினை. பிற்காலத்தில் இஸ்லாமியச் சட்டவியலில் இது கலைச்சொல் ஆகிவிட்டது. மூல வாக்கியத்தில் நேராகச் சொல்லப்படாத ஒரு விதியை அதற்குள்ளிருந்து உழைத்து எடுப்பதற்கு இஸ்தின்பாத் என்று பேர். இன்றைய அரபியில் தர்க்கத்தில் வரும் உய்த்தறிதலுக்கும் அதே சொல்தான்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்பதற்கு ஹஜ்ரத் ஒரு எடுத்துக்காட்டு சொன்னார். அது தோண்டுவதைப் பற்றியதாகவே அமைந்தது தற்செயல்தான். நபஷ வேரிலிருந்து நப்பாஷ். புதைகுழியைத் தோண்டி, பிணத்தின் மீதுள்ள கஃபன் துணியைத் திருடுபவன். துணி என்பது விலையுள்ள பொருளாக இருந்த காலத்தில் இப்படி ஒரு தொழிலே இருந்திருக்கு. அவன் செய்தது 'திருட்டு' தானா? திருட்டு என்று தீர்ப்பாக வேண்டுமானால் பொருள் காவலான இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. புதைகுழி காவலான இடமா? இமாம் அபூ ஹனீஃபா இல்லை என்றார், ஆகவே திருட்டுக்குரிய தண்டனை அவனுக்கு வராது, வேறு தண்டனைதான். அவருடைய மாணவர் அபூ யூசுஃப் ஒத்துக்கொள்ளவில்லை. இமாம் ஷாஃபியும் மறுபக்கம். பிணத்துக்குரிய காவலான இடம் அந்தக் குழிதானே என்பது அவர்கள் வாதம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி உருதுக்காரர்கள் பெரும்பாலும் ஹனஃபி. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் ஷாஃபி. ஒரே கேள்வியை இரண்டு பக்கமும் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். இரண்டுமே ஒரே ஊற்றிலிருந்து எடுத்த தண்ணீர் என்றுதான் இரண்டு தரப்பும் சொல்லும்.

இந்த வேரோடு ஒட்டிய இன்னொரு பெயர் நபதிகள். ஜோர்டானில் பெட்ரா நகரத்தைப் பாறையில் குடைந்தவர்கள். அரபு அகராதிக்காரர்கள், நிலத்தடி நீரை எடுப்பதில் கைதேர்ந்தவர்கள் என்பதால்தான் அந்தப் பெயர் என்கிறார்கள். கேட்க ரொம்ப நன்றாக இருக்கும். பெட்ராவின் நீர்த்தொட்டிகளையும் பாறையில் வெட்டிய வாய்க்கால்களையும் பார்த்தால் நம்பவும் தோணும். கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ், இவர்கள் பாலைவனத்தில் வாய் குறுகலாகவும் உள்ளே போகப்போக அகலமாகவும் நீர்த்தொட்டிகளை வெட்டி, தங்களுக்கு மட்டும் தெரிகிற அடையாளத்தோடு மூடி வைப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். ஆனால் தண்ணீர் எடுக்கத் தெரிந்தவர்கள் என்பது வேறு, பெயர் அதிலிருந்து வந்தது என்பது வேறு. முதலாவதற்குப் பாறையிலேயே சான்று இருக்கு. இரண்டாவது, பெயரைக் கேட்டுவிட்டுப் பிறகு சொன்ன விளக்கமாகவும் இருக்கலாம். சந்தேகம் இல்லாத ஒரு செய்தி உண்டு: இன்றைய அரபி எழுத்து நபதி எழுத்திலிருந்து வளர்ந்தது. கி.பி. 328ஆம் ஆண்டு நமாரா கல்வெட்டு, அரபி மொழியை நபதி எழுத்தில் பொறித்தது.

இப்போது நான் சொன்ன அந்த ஆபத்துக்கு வருகிறேன். அகராதியில் 'ந-ப' என்று தொடங்கும் பக்கங்களைப் புரட்டும்போது எனக்கு உடம்பே சிலிர்த்தது. மெல்லிய 'த' சேர்ந்தால் செடி முளைத்து வெளியே வருது. கனத்த 'த' சேர்ந்தால் தோண்டிய நீர் வெளியே வருது. 'ஷ' சேர்ந்தால் புதைத்தது வெளியே வருது. தொண்டை அடியிலிருந்து வரும் 'ஐன்' சேர்ந்தால் ஊற்று பொங்குது. சவூதியின் யன்பூ துறைமுகத்தின் பெயர் அதிலிருந்துதான். 'கைன்' சேர்ந்தால் திறமை வெளிப்படுது, நாபிகா என்றால் பெரும் திறமைசாலி. அப்போ 'ந-ப' என்ற இரண்டே எழுத்துக்கு வெளியே வருதல்னு ஒரு ஆதிப் பொருள் இருந்திருக்குமோ?

இந்த எண்ணம் புதிதில்லை. இப்னு ஜின்னி (இறப்பு 1002) ஒலி நெருங்கினால் பொருளும் நெருங்கும் என்று தன் 'அல்-கஸாயிஸ்' நூலில் ஒரு அதிகாரமே எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் ஜுர்ஜி ஸைதான் போன்றவர்கள் ஈரெழுத்து வேர்க் கொள்கையை எடுத்துப் பேசினார்கள். நான் ராத்திரி ஒரு மணிக்கு ஒரு சின்ன நிரல் எழுதி, 'ந-ப' வேர்கள் எல்லாவற்றையும் பொருளோடு வரிசைப்படுத்திப் பார்த்தேன். நபத என்று இன்னொரு வேர் வந்து நின்றது, மூன்றாவதாக ஒரு 'த', பல்லிடுக்கில் காற்று விட்டுச் சொல்வது. அதற்குத் தூக்கி எறிதல் என்று பொருள். அம்புகளைக் குறிக்கும் நபல் வந்தது. நிலத்துக்கும் ஊற்றுக்கும் சம்பந்தமே இல்லாதவை. எறிவதும் கையிலிருந்து வெளியே போவதுதானே, அம்பும் வில்லிலிருந்து வெளியே வருதேன்னு இழுத்துக் கட்டலாம். அப்படி இழுத்தால் எதையும் எதோடும் கட்டலாம். பொருந்துகிற ஐந்தை வைத்துக்கொண்டு பொருந்தாததை மறைத்தால் அது ஆராய்ச்சி இல்லை. அந்த நிரலை அதோடு மூடிவிட்டேன். நெருங்கிய ஒலிக் கூட்டம் ஒன்று இருப்பது உண்மை. அது எப்படி வந்தது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை.

நம்ம பக்கமும் இதே சோதனை இருக்கு. கல்லுதல் என்றால் தோண்டுதல். கல்வி? அறியாமையைத் தோண்டி எடுப்பதால் கல்வி என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984), படித்தல் பொருள் தரும் 'கல்' என்பதையும் தோண்டல் பொருள் தரும் 'கல்லு' என்பதையும் தனித்தனிப் பதிவாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் தோண்டுவதையும் கற்பதையும் உவமையாகச் சேர்த்தவர் நம்மிடம் ஒருவர் இருக்கிறார். திருக்குறள் 396இல் மணற்கேணி வருவது உங்களுக்குத் தெரியும், தோண்டத் தோண்ட ஊறும், கற்கக் கற்க அறிவு ஊறும் என்கிற குறள். இது வேர்ச்சொல் தொடர்பே இல்லை, பார்வைத் தொடர்பு. கிணறு தோண்டிப் பிழைத்த இரண்டு வறண்ட நிலங்கள் ஒன்றுக்கொன்று கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. பாலாற்று மணலில் கையால் பள்ளம் பறித்து, ஊறிய தண்ணீரைச் சொம்பில் மொண்டவர்களுக்கு வள்ளுவர் சொன்னதற்கு உரை வேண்டாம். கோடையில் ஆற்று மணலில் நீளமாக வெட்டி நீரை வயலுக்கு இழுக்கும் ஊற்றுக்கால் பழைய வடஆற்காட்டுப் பாசனத்தில் முக்கியமான ஒன்று.

பஹஸ வேரின் கதை இன்னும் சுவாரஸ்யம். இதுவும் குர்ஆனில் ஒரே இடத்தில்தான் வருகிறது, ஐந்தாம் அத்தியாயம் 31ஆம் வசனம். ஆதமின் மகன் தன் தம்பியைக் கொன்றுவிட்டு, உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். ஒரு காகம் வந்து காலால் நிலத்தைக் கீறிக் காட்டுகிறது. அதைப் பார்த்துப் புதைக்கக் கற்றுக்கொள்கிறான். காகம் செய்த அந்தக் கிளறலுக்கு இந்த வினை. கோழி குப்பையைக் கிளறுவதும் இதுதான். இன்றைய அரபியில் பஹ்ஸ் என்றால் ஆராய்ச்சி, பாஹிஸ் ஆராய்ச்சியாளர். முஹர்ரிக் பஹ்ஸ் என்றால் இணையத் தேடுபொறி. சவூதியில் உளவுப் போலீசுக்கு மபாஹிஸ். இதே சொல் பாரசீகம் வழியாக உருதுக்கு வந்து பஹஸ் ஆகி, வாக்குவாதம் என்ற பொருளில் தங்கிவிட்டது. ஆம்பூர் டீக்கடையில் பிரியாணியில் தக்காளி போடணுமா என்று இரண்டு பேர் பஹஸ் பண்ணிக்கொண்டிருந்தால், பின்னால் அந்தக் காகம்தான் நிற்குது. தேடுபொறியும் கிட்டத்தட்ட கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரிதானே வேலை செய்யுது!

அகராதி பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. ஆங்கிலத்தில் அரபிக்குப் பெரிய அகராதி எட்வர்ட் வில்லியம் லேன் எழுதியது, 1863 முதல் 1893 வரை எட்டுப் பகுதியாக வந்தது. அவர் பெரிதும் நம்பிய மூலம் 'தாஜுல் அரூஸ்'. அதை எழுதிய முர்தளா அஸ்ஸபீதி 1732இல் பிறந்தது உத்தரப் பிரதேசத்து பில்கிராமில். நம் நாட்டில் பிறந்தவர் கெய்ரோவில் உட்கார்ந்து எழுதினதைத்தான் உலகமே பிரிச்சுப் படிக்குது. லேன் 1876இல் 'காஃப்' எழுத்தோடு இறந்துபோனார். மிச்சத்தை அவருடைய குறிப்புகளை வைத்து உறவினர் ஸ்டான்லி லேன்-பூல் முடித்தார். அதனால் 'ப'வில் வரும் பஹஸவுக்கு விரிவான விளக்கம் கிடைக்கும். அகரவரிசையில் கடைசிப் பக்கம் வரும் 'ந' வேர்களுக்கு அங்கே அவ்வளவு கிடைக்காது. தண்ணீர் வேருக்காக நான் இப்னு ஃபாரிஸைத் தேடிப் போனதற்கு இதுவும் காரணம்.

மற்ற வேர்களைச் சுருக்கமாகவே பார்க்கலாம். நகப் என்றால் சுவரிலோ மலையிலோ துளை போடுதல். உருது போலீஸ் பாஷையில் நக்ப்ஸனி என்றால் சுவரைத் துளைத்துத் திருடுவது, அப்படியே நம்ம கன்னம் வைத்தல். அதே வேரில் நகீப் என்றால் தலைவர், மக்கள் விவகாரத்துக்குள் துளைத்துப் பார்ப்பவர் என்று பழைய விளக்கம். நிகாபா என்றால் தொழிற்சங்கம். தன்கீப் என்றால் அகழாய்வும் எண்ணெய் தேடலும். 1960களில் திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் தொல்லியல் துறை செய்தது, கீழடியில் நடப்பது எல்லாம் அரபியில் தன்கீப். ஹஃபர வேரில் ஹாஃபிர் என்றால் குதிரைக் குளம்பு, மண்ணைப் பறிப்பதால். ஹஃபர் அல்-பாதின் என்ற சவூதி ஊரின் பெயரிலும் இதே வேர், அங்கே வெட்டிய கிணறுகளால். நாம் புதைபடிவம் என்று சொல்வதை அரபியில் உஹ்ஃபூர் என்கிறார்கள். நாம் புதைந்ததை நினைக்கிறோம், அவர்கள் தோண்டினதை நினைக்கிறார்கள். லத்தீனும் அரபி பக்கம்தான், ஃபாசில் என்பதும் தோண்டுவதிலிருந்து வந்த சொல்லே.

தமிழ் ஏரிகளுக்குள்ளேயே ஒரு அரபிச் சொல் இருக்கு: குடிமராமத்து. மராமத்து அரபி வேரிலிருந்து வந்தது, பழுது பார்த்தல் என்று பொருள். ஏரியைத் தூர் வாரும் பொதுவேலைக்கு முன்பாதி தமிழ், பின்பாதி அரபி.

கணியம்பாடி ஒன்றியத்தில் தோண்டுவது இப்போது வேறு திசையில் நடக்குது. வறண்டுபோன நாகநதியைத் திரும்பக் கொண்டுவர, நூறுநாள் வேலையில் பெண்கள் ஓடைகளின் குறுக்கே கல் தடுப்பு கட்டினார்கள், உறை இறக்கிச் செறிவூட்டுக் கிணறுகள் தோண்டினார்கள். தண்ணீரை மேலே எடுக்க இல்லை, மழைநீரைக் கீழே அனுப்ப. ஹஜ்ரத்திடம் இதற்கு அரபியில் வேர் இருக்கான்னு கேட்டேன். "எடுக்கிறதுக்குத்தான் அவங்க பேரு வெச்சாங்க தம்பி, திருப்பிக் கொடுக்கிறதுக்கு நீங்கதான் வைக்கணும்" என்றார்.

வடக்கே, பாலாற்றுக் கரையில் நிலைமை வேறு. தோல் பதனிடுவதற்கு அரபியில் த-ப-க என்று தனி வேர், பதனிடுபவர் தப்பாக். எங்கள் பக்கம் தோல் ஷாப்பு என்போம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் போய் குரோமியம் வந்த பிறகு நிலத்தடி நீருக்கு என்ன ஆச்சு என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு. தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையக் கணக்கை அது எடுத்துச் சொல்லுது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்றும் சொல்லுது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கு வரும் முன்னே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது இந்தத் தீர்ப்புதான். சட்டக் கல்லூரிகளில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிப் படிப்பது இதனால். அந்த இரண்டு கொள்கையும் அரசமைப்பில் அந்த வார்த்தைகளில் எழுதியிருக்கவில்லை. 21ஆம் பிரிவு உள்ளிட்ட விதிகளிலிருந்து நீதிபதிகள் எடுத்தார்கள். ஹஜ்ரத்திடம் விளக்கியபோது, "அட, இது இஸ்தின்பாத்தேதான்" என்றார்.

ஹஜ்ரத்தின் உறவினர் ஒருவருக்கு ஆம்பூர் பக்கம் கிணறு இருக்கு. தோண்டினால் தண்ணீர் வருது, ஆனால் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அந்தத் தண்ணீரில் ஒளு செய்யலாமா என்று கேட்டு அவருக்கு போன் வந்ததாம். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தண்ணீருக்கு ஃபிக்ஹ் நூல்களில் சோதனை இருக்கிறது. அசுத்தம் கலந்து நிறம், ருசி, வாசனை மாறியிருக்கா என்று பார்க்க வேண்டும்.

"என்ன சொன்னீங்க ஹஜ்ரத்?"

"உப்பு ஏறினா நாக்குல தெரியும். குரோமியம் கொஞ்சமா இருந்தா நிறத்துலயும் தெரியாது, வாசனையிலயும் தெரியாதுன்னு நீதானே சொன்னே. நம்ம கிதாப் எழுதினவங்க அப்படி ஒண்ணைப் பார்த்ததில்லையே. பாட்டில்ல பிடிச்சு லேபுக்கு அனுப்பு, முதல்ல என்ன இருக்குன்னு தெரியட்டும், அப்புறம் மசாயில் பேசலாம்னு சொல்லிட்டேன்."

எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் அந்த வாரமே ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தேன்.